கிழட்டு செல் கொறைஞ்சுச்சானு எப்டி கண்டுபுடிக்கிறாங்க?

வயசாவுறத கொறைக்கிற மாத்திரைனு வாட்சப்ல வர்ற வீடியோ எல்லாத்துலயும் ஒரே கதைதான். உடம்புல கிழட்டு செல்லுங்க சேர்ந்துபோச்சு, அத காலி பண்ணிட்டா மறுபடி தெம்பு வந்துடும், இந்தாங்க குவர்செட்டின் கேப்ஸ்யூல், ரெண்டு டப்பா வாங்குனா ஒண்ணு ஃப்ரீ. எங்க தண்டையார்பேட்டை தெருவுல ஒரு பெரியப்பா, ஐசிஎஃப்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, இத வாங்கி சாப்ட்டுகினு இருக்காரு. "இன்னாபா, எனுக்கு நல்லாதான் கீது, மாடி ஏறுனா முன்ன மாதிரி மூச்சு வாங்கல"ன்றாரு. சந்தோஷம். ஆனா அது மாத்திரையாலயா, வெயில் தணிஞ்சதாலயா, இல்ல இவ்ளோ காசு போட்டு வாங்கிட்டோமேனு தெனம் காலையில நடக்க ஆரம்பிச்சதாலயா? அவர கேட்டா தெரியாது, என்ன கேட்டாலும் தெரியாது. பெரிய பெரிய லேப்ல கோடிக்கணக்குல செலவு பண்றவங்களுக்கும் இதுதான் தலைவலின்றதுதான் இதுல சுவாரஸ்யம். செல்ல கொல்ற மருந்து கைல இருக்கு, கொன்னுச்சா, கொன்னதால ஆளுக்கு எதாவது ஆச்சானு பாக்கறதுதான் பெரும்பாடு.

மொதல்ல அது என்ன செல்லுனு சுருக்கமா சொல்லிடறேன். 1961ல லெனர்ட் ஹேஃப்ளிக்னு ஒரு விஞ்ஞானி, பால் மூர்ஹெட் கூட சேர்ந்து, மனுஷ செல்ல கண்ணாடி பாட்டில்ல வளர்த்து பாத்தாரு. சுமார் 50 தடவ பெருகிட்டு அதுக்கப்பறம் நின்னுடுச்சு. சாவல, ஆனா பெருகவும் இல்ல, சும்மா உக்காந்துகிட்டு இருந்துச்சு. இதுக்குத்தான் செனசென்ட் செல்னு பேரு, நான் கிழட்டு செல்னே சொல்லிட்டு போறேன். வயசு மட்டுமே காரணம் இல்ல, டிஎன்ஏல அடி பட்டா, கேன்சர் ஜீன் ஏதாவது முறுக்கிவிட்டா, கீமோ குடுத்தா கூட செல் இப்டி ஆகும். சும்மா உக்காந்திருந்தா கூட பரவால்ல, அது சுத்தி இருக்கிற நல்ல செல்லுக்கெல்லாம் வீக்கத்த உண்டாக்குற சரக்க கக்கிக்கிட்டே இருக்கும், இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, சதைக்கு நடுவுல இருக்கிற கொலாஜன அரிக்கிற என்சைம்னு ஒரு பெரிய கலவை. ஜூடித் கேம்பிசி லேப்ல இருந்து 2008ல வந்த கட்டுரையில இதுக்கு சாஸ்ப்னு ஒரு பேரு வெச்சாங்க, இன்னிக்கும் ஃபீல்டுல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.

இத காலி பண்ணா நல்லதுதானா? எலியில ஆமா. 2016ல அமெரிக்காவுல இருக்கிற மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி ஆளுங்க, பி16ன்ற ஜீன் (கிழட்டு செல்லுல பெரும்பாலும் இது ஆன் ஆயிருக்கும்) ஆன் ஆன செல் மட்டும் ஒரு மருந்து குடுத்தா செத்துப்போற மாதிரி எலியோட ஜீன மாத்தி வெச்சு, பாதி வயசுல இருந்து அந்த மருந்த குடுத்துகிட்டே வந்தாங்க, சராசரி ஆயுசு கிட்டத்தட்ட 25 சதவீதம் கூடுச்சு. அதுக்கு முன்னாடியே 2015ல தசாடினிப், குவர்செட்டின்னு ரெண்டு மருந்த சேர்த்து குடுத்தா ஜீன்ல கை வைக்காமயே இந்த செல்லுங்கள்ல ஒரு பங்கு சாகுதுனு காட்டிட்டாங்க. தசாடினிப் ரத்தப் புற்றுநோய்க்கு குடுக்கற மருந்து. குவர்செட்டின் நம்ம வெங்காயத்துல இருக்கு. உடனே சாம்பார்ல சின்ன வெங்காயத்த அள்ளி போடாதீங்க, 100 கிராம் வெங்காயத்துல சில பத்து மில்லிகிராம்தான் தேறும், ஆராய்ச்சியில குடுக்கறது ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் இல்ல அதுக்கு மேல, அதுவும் தசாடினிபோட ஜோடியா. ஜோடிய கழட்டிட்டு குவர்செட்டின மட்டும் டப்பாவுல போட்டு விக்கறாங்களே, அந்த ஆராய்ச்சி ரிசல்ட்டு அந்த டப்பாவுக்கு பொருந்தாதுனு யாரும் வீடியோல சொல்றதில்ல.

இப்போ மெயின் மேட்டருக்கு வரேன். வியாசர்பாடி, கொடுங்கையூர்ல கால்வாய் ஓரமா இருக்கிறவங்களுக்கு கொசு மருந்து பொகை அடிக்கற வண்டி நல்லா தெரியும். வண்டி வந்துட்டு போனதும் வேல நடந்துச்சானு கேட்டா அதுல மூணு கேள்வி இருக்கு. பொகை வீட்டுக்குள்ள வந்துச்சா? கொசு செத்துச்சா? அந்த மாசம் தெருவுல காய்ச்சல் கொறைஞ்சுச்சா? மொதல் கேள்விக்கு ஆமானு பதில் வந்தா ரெண்டாவதுக்கும் ஆமானு அர்த்தம் கிடையாது, ரெண்டாவதுக்கு ஆமா வந்தா மூணாவதுக்கு கிடையாது. கிழட்டு செல் மருந்துலயும் இதே மூணுதான்: மருந்து அந்த எடத்துக்கு போய் சேர்ந்துச்சா, செல் செத்துச்சா, ஆளு தேறுனாரா. எந்த ஆராய்ச்சிய படிச்சாலும், எந்த விளம்பரத்த பாத்தாலும், இவன் இதுல எத அளந்திருக்கான்னு கேட்டாலே பாதி குழப்பம் தீந்துடும்.

மொத கேள்வி ஈசின்னு தோணும், ஆனா மூளைனு வந்துட்டா அதுவே பெருசு. ரத்தத்துல இருக்கிறது எல்லாத்தையும் மூளை உள்ள விடாது. 2023ல அல்சைமர் ஆரம்ப கட்டத்துல இருந்த 5 பேருக்கு இந்த ஜோடி மருந்த குடுத்து, மூளையையும் சுத்தி இருக்கிற முதுகுத்தண்டு நீர எடுத்து பாத்தாங்க. தசாடினிப் 4 பேர் நீருல இருந்துச்சு, குவர்செட்டின் ஒருத்தருக்கும் இல்ல. அஞ்சே அஞ்சு பேர்தான், ஞாபகசக்தி ஏறுச்சா எறங்குச்சானு இத வெச்சு பேசவே முடியாது, ஆனா வாய்ல போட்ட குவர்செட்டின் அங்க கணக்குல எடுக்கற அளவுக்கு போய் சேரலன்றதாவது தெரிஞ்சுச்சு. சின்ன ஆராய்ச்சினாலும் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லுச்சு, அந்த மாதிரி ஆராய்ச்சி எனக்கு புடிக்கும்.

ரெண்டாவது கேள்விதான் பெரிய ரோதனை. செல் செத்துச்சானு பாக்கணும்னா மொதல்ல எது கிழட்டு செல்லுனு அடையாளம் தெரியணும், அது ஒண்ணும் நெத்தியில எழுதி ஒட்டிகிட்டு வர்றதில்ல. எலிக்கு ஒரு வசதி இருக்கு, பி16 ஆன் ஆன செல் வெளிச்சம் விடற மாதிரி ஜீன மாத்தி வெச்சுடலாம், கேமரா முன்னாடி எலிய படுக்க வெச்சு மருந்துக்கு முன்ன எவ்ளோ மினுக்குது, அப்பறம் எவ்ளோ மினுக்குதுனு உயிரோடவே பாத்துக்கலாம். மனுஷனுக்கு இது நடக்காது. தொப்புள் பக்கத்துல கொஞ்சம் கொழுப்பு, இல்லாட்டி தோல்ல ஒரு துணுக்கு வெட்டி எடுத்துதான் பாக்கணும்.

எடுத்த துணுக்க என்ன பண்றாங்க? 1995ல இருந்து பேமஸா இருக்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, நீலக்கலர் டெஸ்ட்னு சொல்லலாம். பீட்டா-கேலக்டோசிடேஸ்னு ஒரு என்சைம், செல்லோட குப்பை அரைக்கற பையில இருக்கிறது. சாதாரண செல்லுல அது பிஹெச் (புளிப்ப அளக்கற கணக்கு, எண்ணு கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தி) 4 பக்கத்துலதான் நல்லா வேல செய்யும். கிழட்டு செல்லுல அந்த சரக்கு அளவுக்கு மீறி சேர்ந்து கெடக்கறதால, பிஹெச் 6ல கூட அதோட வேல கண்ணுக்கு தெரியும். அதனால பிஹெச் 6ல ஒரு சாய மூலப்பொருள ஊத்தி, 37 டிகிரியில ராத்திரி முழுக்க விட்டு, காலையில மைக்ராஸ்கோப்ல பாத்தா கிழட்டு செல் மட்டும் நீலமா தெரியும். அழகான டெஸ்ட், ஆனா சேட்டை புடிச்சது. செல் வளர்க்கற பொட்டியில கார்பன் டை ஆக்சைடு விட்டுக்கிட்டு இருப்பாங்க, அவசரத்துல அதே பொட்டியில இந்த தட்ட வெச்சுட்டா வாயு கரைஞ்சு பிஹெச் எறங்கிடும், எல்லா செல்லும் நீலமாயிடும். செல்லுங்க தட்டுல ரொம்ப நெருக்கியடிச்சு வளர்ந்திருந்தாலும் நீலம் வரும். எல்லாத்தையும் விட பெரிய வில்லங்கம் மேக்ரோஃபேஜ்னு சொல்ற, குப்பை தின்னுற வெள்ளை செல். அது கிழடே இல்ல, ஆனா அதுக்குள்ள இந்த என்சைம் நெறைய இருக்கறதால நீலமா தெரியும், சமயத்துல பி16 கூட காட்டும். வயசானவங்க கொழுப்புல மேக்ரோஃபேஜ் நெறைய இருக்கும். அப்போ நீலம் கொறைஞ்சுதுனா கிழட்டு செல் கொறைஞ்சுதா, மேக்ரோஃபேஜ் கொறைஞ்சுதா?

அதனாலதான் ஒரே அடையாளத்த நம்பாதேனு இந்த ஃபீல்டுல எல்லாரும் தலபாடா அடிச்சுக்கறாங்க. நீலம் ஒண்ணு, பி16, பி21ன்ற ஜீனுங்க ஒண்ணு, செல் பெருகறத நிறுத்தியிருக்கா, டிஎன்ஏ அடி வாங்கியிருக்கா, சாஸ்ப் கக்குதா, இப்டி நாலஞ்சு ஒண்ணா இருந்தாதான் கிழட்டு செல்லுனு ஒத்துக்கணும். ஏன்னா உடம்புல எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கிழட்டு செல் கிடையாது, சிலதுல பி16 தூக்கலா இருக்கும், சிலதுல பி21தான் இருக்கும் பி16 இருக்காது. ஒண்ண மட்டும் எண்ணுனா இன்னொண்ணு கணக்குலயே வராது.

2019ல மேயோ கிளினிக்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, சர்க்கரை வியாதியால கிட்னி பாதிச்ச 9 பேரு, மூணே நாள் ஜோடி மருந்து, அதோட நிறுத்திட்டாங்க. மருந்துக்கு முன்னாடி ஒரு தடவ, முடிஞ்சு 11 நாள் கழிச்சு ஒரு தடவ கொழுப்பும் தோலும் எடுத்து பாத்ததுல கொழுப்புல பி16 செல், பி21 செல், நீல செல் மூணுமே கொறைஞ்சிருந்துச்சு, ஆனா மூணும் ஒரே அளவுல கொறையல. இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் அந்த 11 நாள். இந்த ரெண்டு மருந்துமே ரத்தத்துல மணிக்கணக்குலதான் நிக்கும், ரெண்டு மூணு நாள்ல சுத்தமா போயிடும். மருந்து உள்ள இருக்கும்போதே பாத்து பி16 கொறைஞ்சிருக்குனு சொன்னா, செல் செத்துதா இல்ல மருந்து அந்த ஜீன கொஞ்ச நேரம் அமுக்கி வெச்சிருக்கானு யாராலயும் சொல்ல முடியாது. மருந்து போய் அத்தன நாள் கழிச்சும் கொறைஞ்சே இருக்குனா செல்லே போச்சுன்றதுக்கு அது நல்ல சாட்சி. ஆனா இதுல, ஒப்பிட்டு பாக்க மருந்தே இல்லாத டம்மி மாத்திரை குடுத்த குரூப் கிடையாது, ஒம்போது பேருதான், அதையும் மனசுல வெச்சுக்கணும்.

கத்தி வெக்காம ரத்தத்துல பாத்துட முடியாதான்னு கேப்பீங்க. சாஸ்ப் சரக்கு ரத்தத்துல கலக்கும், அத அளக்கலாம், அளக்கவும் செய்யறாங்க. ஆனா இன்டர்லூக்கின்-6 கிழட்டு செல்லுக்கு மட்டும் சொந்தம் இல்லியே. சொத்தை பல்லு இருந்தா ஏறும், மழைக்காலத்துல வர்ற காய்ச்சல்ல ஏறும், செமயா ஓடிட்டு வந்து உடனே ரத்தம் குடுத்தா கூட ஏறும். இன்னொண்ணு ஜிடிஎஃப்-15னு ஒரு புரதம், வயசோட சேர்ந்து ஏறும்ன்றதால இத ரொம்ப பேர் அளக்கறாங்க. ஆனா சர்க்கரைக்கு போடற மெட்ஃபார்மின் மாத்திரையே அத ஏத்திவிடும். நம்மூர்ல அம்பது தாண்டுன வீட்டுக்கு ஒருத்தராவது மெட்ஃபார்மின் போடறாங்க, ஆராய்ச்சிக்கு நடுவுல டாக்டர் டோஸ ஏத்துனாருன்னா புரதம் ஏறிடும், கிழட்டு செல்லு மேல பழி விழும். அதனால ஆள சேக்கும்போதே என்ன மாத்திரை, எந்த டோஸ், கடசியா எப்போ காய்ச்சல் வந்துச்சுனு கேட்டு எழுதி வெச்சுக்கலன்னா அந்த ரத்த ரிப்போர்ட்ட தூக்கி போட வேண்டியதுதான்.

ரத்தத்துல இருக்கிற டி-செல்லுனு ஒரு வெள்ளை செல்லுல பி16 அளக்கறது கொஞ்சம் மேல். வயசு கூட கூட அது ஏறும், சிகரெட் புடிக்கிறவங்களுக்கு, கீமோ எடுத்தவங்களுக்கு கூடுதலா இருக்கும்னு காட்டியிருக்காங்க. இதுலயும் ஒரு பிரச்சன, ரத்த செல்லுல பாத்து முட்டி எலும்புல என்ன நடக்குதுனு அப்டியே சொல்லிட முடியாது. டிஎன்ஏ மேல ஒட்டியிருக்கிற மீத்தைல் குறிய வெச்சு வயசு சொல்ற டெஸ்ட்ட இப்போ ஆன்லைன்லயே விக்கறாங்க, ஸ்டீவ் ஹார்வத் 2013ல 353 எடத்த வெச்சு பண்ண கணக்குல ஆரம்பிச்ச கதை அது. ஆள் கூட்டத்த மொத்தமா எடுத்தா நல்லாவே வயசு சொல்லும். ஆனா கிழட்டு செல் எந்த சதையிலயும் கொஞ்சமாதான் இருக்கும், அத பூரா காலி பண்ணாலும் மிச்சம் இருக்கிற செல்லோட மீத்தைல் குறி மாறணும்னு சட்டம் எதுவும் இல்ல, அதனால இந்த மருந்துக்கு அந்த டெஸ்ட் சரியான அளவுகோலான்னு எனக்கு பெருத்த சந்தேகம் இருக்கு. அந்த டெஸ்ட்ல மூணு வயசு கொறைஞ்சுதுனு போஸ்ட் போடறவங்கள பாத்தா சிரிச்சுட்டு கடந்து போயிடறேன்.

மூணாவது கேள்விக்கு வருவோம், ஆளு தேறுனாரா. இதுக்கு கருவி எல்லாம் ரொம்ப சிம்பிள். ஆறு நிமிஷ நடை டெஸ்ட்னு ஒண்ணு, 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்வாரம், ரெண்டு பக்கமும் ஒரு கூம்பு, ஆறு நிமிஷத்துல எத்தன மீட்டர் நடக்கறாருனு எண்ணணும், ஓடக்கூடாது, மூச்சு வாங்குனா நின்னுக்கலாம் ஆனா வாட்ச் நிக்காது. அப்பறம் கை புடி வலு, நாற்காலியில இருந்து கைய கட்டிகிட்டு அஞ்சு தடவ எந்திரிச்சு உக்கார எத்தன செகண்டு ஆவுதுனு பாக்கறது. 2019ல ஆசிய நிபுணர் குழு ஒண்ணு நம்ம ஆளுங்களுக்குனு எல்லை போட்டு குடுத்தாங்க, கை புடி ஆம்பளைக்கு 28 கிலோவுக்கு கீழ, பொம்பளைக்கு 18 கிலோவுக்கு கீழ போனா வலு கம்மி, அஞ்சு தடவ எந்திரிக்க 12 செகண்டு இல்ல அதுக்கு மேல ஆனா கவனிக்கணும், நடை வேகம் செகண்டுக்கு 1 மீட்டருக்கு கீழனா அதுவும்.

சிம்பிளான கருவினாலே ஏமாத்தறதும் சிம்பிள். 2019ல நுரையீரல் தழும்பாகி இறுகிப்போற வியாதி இருந்த 14 பேருக்கு ஜோடி மருந்து குடுத்தாங்க, வாரத்துக்கு மூணு நாள்னு மூணு வாரம். ஆறு நிமிஷ நடை சராசரியா 21 மீட்டர் சொச்சம் கூடுச்சு. உலகம் பூரா நியூஸ் ஆச்சு. ஆனா இந்த டெஸ்ட்ட ரெண்டாவது தடவ பண்றவங்க மருந்தே இல்லாம கூட கொஞ்சம் அதிகம் நடப்பாங்க, எங்க திரும்பணும், எவ்ளோ வேகத்துல போனா மூச்சு தாங்கும்னு ஒரு பழக்கம் வந்துடும். புது மருந்து உள்ள போயிருக்குன்ற தெம்பு வேற. அந்த ஆராய்ச்சியில டம்மி மாத்திரை குரூப் கிடையாது, அதனால 21 மீட்டர்ல எத்தன மீட்டர் மருந்தோடது, எத்தன மீட்டர் பழக்கத்தோடதுனு பிரிக்க வழியே இல்ல. பண்ணவங்களும் இது ஒரு முன்னோட்டம்தான்னுதான் சொன்னாங்க, நியூஸ் போட்டவங்கதான் வால நறுக்கிட்டாங்க.

டம்மி குரூப் இருந்தா என்ன ஆவும்னு பாக்க யூனிட்டி பயோடெக்னாலஜின்ற கம்பெனி கதை இருக்கு. முட்டி தேஞ்சவங்களுக்கு, கிழட்டு செல்ல கொல்லணும்னு முட்டிக்குள்ளயே ஊசி போடற மருந்து, யூபிஎக்ஸ்0101னு பேரு. மொத கட்டத்துல வலி கொறையுதுனு நம்பிக்கை வந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல 183 பேர வெச்சு பண்ண ரெண்டாம் கட்ட ரிசல்ட் வந்தப்போ 12வது வாரத்துல மருந்து ஊசிக்கும் டம்மி ஊசிக்கும் வலியில வித்தியாசமே இல்ல. முட்டியில ஊசி குத்துனாலே, உள்ள என்ன இருந்தாலும், நெறைய பேருக்கு வலி கொறைஞ்ச மாதிரி இருக்கும்ன்றது பழைய சங்கதி. இதுல வருத்தம் என்னன்னா, வலி ஸ்கோர் மட்டும் வெச்சுகிட்டு ஏன் தோத்துச்சுனு சொல்லவே முடியாது. கிழட்டு செல் சாகலியா, செத்தும் வலி கொறையலியா? ரெண்டும் வேற வேற தோல்வி, மொதலாவதுனா வேற மருந்து தேடணும், ரெண்டாவதுனா முட்டி வலிக்கு இந்த ஐடியாவே தப்பு. ரெண்டாவது கேள்விக்கு கெட்டியா பதில் எடுக்காம மூணாவதுக்கு தாவுனா இப்டித்தான் நடுத்தெருவுல நிப்போம்.

2024ல வந்த எலும்பு ஆராய்ச்சி இதுக்கு நல்ல எதிர்ப்பாட்டு. மாதவிடாய் நின்ன 60 பெண்கள், பாதி பேருக்கு விட்டு விட்டு 20 வாரம் ஜோடி மருந்து, பாதி பேருக்கு ஒண்ணும் இல்ல. எலும்பு கரையறத காட்டுற அளவு 20 வாரத்துல ரெண்டு குரூப்புக்கும் ஒண்ணாதான் இருந்துச்சு, எலும்பு புதுசா கட்டறத காட்டுற அளவு மட்டும் ஆரம்ப வாரங்கள்ல ஏறிட்டு அடங்கிடுச்சு. மேலோட்டமா பாத்தா ஃபெயில். ஆனா ஆரம்பத்துலயே டி-செல்லுல பி16 யாருக்கு ரொம்ப அதிகமா இருந்துச்சோ அந்த மூணுல ஒரு பங்கு பெண்கள தனியா எடுத்து பாத்தா அவங்களுக்கு பலன் நல்லா தெரிஞ்சுது, முன்கை எலும்போட அடர்த்தி கூட ஏறியிருந்துச்சு. யோசிச்சா நியாயமாதான் இருக்கு, காலி பண்ண கிழட்டு செல்லே கம்மியா இருக்கிறவங்களுக்கு மருந்து குடுத்து என்ன மாற்றம் தெரியப்போவுது. ஆனா இப்டி கூட்டத்த பிரிச்சு பிரிச்சு பாத்தா எங்கயாவது ஒரு மூலையில நல்ல ரிசல்ட் கெடைக்கத்தான் செய்யும், அதனால இத முடிவா எடுத்துக்காம, பி16 அதிகமா இருக்கிறவங்கள மட்டும் சேத்து இன்னொரு தடவ டம்மி மாத்திரையோட பண்ணி பாத்தாதான் நம்பலாம்.

இதுல ரொம்ப பேர் கவனிக்காத ஒண்ணு, கிழட்டு செல்லோட எண்ணிக்கை பூஜ்யத்துக்கு போறது குறிக்கோளே இல்ல. காயம் ஆறும்போது அந்த எடத்துல கொஞ்ச நாளைக்கு கிழட்டு செல் வரும், எலியில அத காலி பண்ணா புண்ணு ஆற லேட்டாகும்னு 2014லயே காட்டிட்டாங்க. கேன்சர் ஆகப்போற செல்ல பெருகவிடாம நிறுத்தி வெக்கறதும் இதே வேலைதான். சர்க்கரை இருக்கிறவங்க கால் புண்ண யோசிச்சு பாருங்க, அதனால செல் எவ்ளோ செத்துதுனு அளக்கும்போதே புண்ணு எத்தன நாள்ல ஆறுது, ரத்தத்துல பிளேட்லெட் எவ்ளோனும் சேத்து அளக்கணும். தசாடினிப் பிளேட்லெட்ட எறக்கும், சிலருக்கு நுரையீரல் சுத்தி நீர் கோத்துக்கும், டாக்டர் சீட்டு இல்லாம தொடற மருந்து அது கிடையாது. செல்ல கொல்லாம சாஸ்ப் கக்கறத மட்டும் அமுக்கற மருந்துனு இன்னொரு ரகமும் இருக்கு, ராபமைசின் அந்த பட்டியல்ல வரும். அதுக்கு செல் எண்ணிக்கைய பாத்தா வேலையே செய்யல மாதிரி தெரியும், அங்க சாஸ்ப்பதான் பாக்கணும், அதுவும் மருந்து உள்ள இருக்கும்போதே.

சரி, நம்மள மாதிரி ஆளுங்க கைல என்ன இருக்கு? யாராவது இந்த கேப்ஸ்யூல் வேல செய்யுதுனு ரிப்போர்ட் காட்டுனா, டம்மி குரூப் இருந்துச்சா, எத்தன பேரு, எந்த சதையில எத்தன அடையாளம் பாத்தாங்க, மருந்து நின்னு எத்தன நாள் கழிச்சு பாத்தாங்கனு கேளுங்க. பதில் வராது, பெரும்பாலும் அடுத்த வீடியோ லிங்க்தான் வரும். வீட்டுல அளக்கணும்னு ஆசையா இருந்தா அந்த நாற்காலி டெஸ்ட் போதும், கை வெக்காத நாற்காலியா பாத்து செவுத்துல ஒட்டி போட்டு, பக்கத்துல ஒரு ஆள நிக்க வெச்சுகிட்டு, எப்பவும் அதே நாற்காலி அதே நேரம், மாசத்துக்கு ஒரு தடவ காலண்டர்ல செகண்ட எழுதி வாங்க. மொத ரெண்டு தடவ வர்ற முன்னேற்றத்த கணக்குல எடுக்காதீங்க, அது பழக்கம். அதுக்கப்பறமும் செகண்டு ஏறிக்கிட்டே போச்சுனா கேப்ஸ்யூல் கடைக்கு போகாதீங்க, பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில பொது மருத்துவ ஓபிக்கு போய் காட்டுங்க.